எந்த நாள் என்று சொல்ல மாட்டேன்

ஜூலை 5, வியாழன்

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். ஒரு வாரம் ஆகுமாம். கால் ஆணிக்கு மருந்து போட்டேன். மதியத் தபாலில் ஒரு இன்லாண்டு கடிதம் வந்தது.

இந்தக் காலத்தில் யார் இன்லாண்டு எழுதுகிறார்கள் என்று திருப்பிப் பார்த்தால் சிறைச்சாலை முத்திரை. உட்கார்ந்துகொண்டுதான் பிரித்தேன். உள்ளே நாலைந்து வரிதான், பெரிய பெரிய எழுத்தில்.

"மேடம் அவர்களுக்கு, டிரைவர் சவரிமுத்து எழுதுவது. வருகிற திங்கட்கிழமை காலை என்னை விடுகிறார்கள். அந்த வாரம் சனிக்கிழமைக்குள் ஒரு நாள் உங்களைப் பார்க்க வீட்டுக்கு வருவேன். எந்த நாள் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள்."

சவரிமுத்து நான் வேலை பார்த்த கல்லூரியில் வேன் ஓட்டியவன். ஆறரை வருஷத்துக்கு முன் ஒரு மழைநாள் சாயங்காலம், கல்லூரி வாசலில், கல்லூரி வேன் என் மாணவி விண்ணரசியை இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. இருபது வயசுப் பெண். அங்கேயே போய்விட்டாள். எதிரே ஜெராக்ஸ் கடைத் தகரத்துக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றவள் நான். கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னதும் நான்தான். வேறு சாட்சி கிடையாது. அவனுக்கு ஐந்து வருஷம் கொடுத்தார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இன்றைக்கு இது போதும்.

ஜூலை 6, வெள்ளி

தாமோதரன் போன் பண்ணினார். ஞாயிறு இணைப்பிதழின் ஆசிரியர். வாராவாரம் 'முடிச்சு' என்று ஒரு பத்தி எழுதிக் கொடுக்கிறேன். பெரிய மூளைக்காரர்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்ட புதிர்களைச் சாதாரண ஜனங்களுக்குச் சொல்லுகிற பத்தி. முப்பத்தோரு வருஷம் தர்க்கவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை?

"போன வாரம் நெல்லுக் குவியல் பிரமாதம் மேடம். நிறையக் கடுதாசி," என்றார். "அடுத்ததும் அதே மாதிரி வீட்டுக்குள்ள நடக்கற விஷயமா இருக்கட்டும்."

குவியல் புதிர் எல்லாருக்கும் பிடிக்கும். ஒரு குவியல் நெல்லிலிருந்து ஒரே ஒரு நெல்லை எடுத்தால் அது குவியல்தான். இன்னொன்றை எடுத்தாலும் குவியல்தான். இப்படியே எடுத்துக்கொண்டு போனால் எந்த நெல்லோடு குவியல் இல்லாமல் போகிறது? சொல்ல முடியாது. ஆனால் கடைசியில் தரை காலியாகத்தான் இருக்கும்.

பாண்டியம்மா பாத்திரம் தேய்க்க வந்தவள், "ஏன் டீச்சரம்மா, பட்டப்பகல்ல தாப்பாளப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீக? கழுத்துல காசுமாலையா கெடக்கு?" என்றாள். கொசு வருகிறது என்றேன்.

கோயம்புத்தூரில் தங்கை வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம். போனால் நான் ஓடினேன் என்றாகும். உண்மையைச் சொன்னவள் ஏன் ஓட வேண்டும்? போகமாட்டேன்.

ஜூலை 7, சனி

வாசல் பூட்டை மாற்றச் சொன்னேன். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பூட்டுக்குப் பஞ்சமா. தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் தானே வந்தார்.

"பழைய பூட்டு நல்லாத்தானே இருக்கு. எதுக்குங்க மாத்தறீங்க?"

"சாவி யார் யாரிடமோ இருக்கிறது," என்றேன்.

"எத்தனை சாவி?"

"மூன்று. என்னிடம் ஒன்று, பாண்டியம்மாவிடம் ஒன்று, மாடியில் குடியிருந்தவர்கள் கொண்டுபோனது ஒன்று."

அவர் பூட்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "இந்த மாடலுக்கு நாலு தருவாங்களே. நாலாவது எங்க இருக்கு?"

மூன்றுதான் என்றேன். அது எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து மனுஷர் திகைத்துப் போனார். வந்த வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். 

புதுப் பூட்டின் சாவிகளை வாங்கி இரண்டு தடவை எண்ணினேன். இந்தப் பேச்சு இதோடு முடிந்தது.

ஜூலை 8, ஞாயிறு

பத்திக்கு விஷயம் கிடைத்துவிட்டது. கடிதத்தில் வந்த விஷயம்தான். சவரிமுத்து என்கிற பெயரைத் தூக்கிவிட்டு 'ஒரு விருந்தாளி' என்று போட்டுக்கொண்டேன். நான் எழுதியது இது:

ஒரு விருந்தாளி உங்களுக்குக் கடிதம் எழுதுகிறார். "திங்களிலிருந்து சனிக்குள் ஒரு நாள் வருவேன். எந்த நாள் என்பது, நான் வந்து நிற்கும் வரை உங்களுக்குத் தெரியாது." உங்களுக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நாள் தெரிந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். இப்போது உட்கார்ந்து யோசியுங்கள். வெள்ளி முடிகிற வரை அவர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் இருப்பது சனி மட்டும். அப்படியானால் சனிக்கிழமைதான் வருவார் என்று உங்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். தெரியக் கூடாது என்பது அவர் விதி. ஆகவே சனிக்கிழமை அவரால் வர முடியாது, சனியை அடித்துவிடுங்கள். இப்போது கடைசி நாள் வெள்ளி. வியாழன் வரை வரவில்லையென்றால் வெள்ளி என்று தெரிந்துவிடும். வெள்ளியையும் அடியுங்கள். இதே கணக்கில் வியாழன், புதன், செவ்வாய், திங்கள், எல்லாமே போய்விடும். விருந்தாளி வரவே முடியாது. நிரூபித்தாயிற்று. நீங்கள் நிம்மதியாகக் காலை நீட்டி உட்காருகிறீர்கள். புதன்கிழமை பத்து மணிக்கு அழைப்பு மணி அடிக்கிறது. விருந்தாளி நிற்கிறார். நீங்கள் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. அவர் சொன்னது அத்தனையும் அப்படியே நடந்துவிட்டது.

ஓட்டை எங்கே என்று கடைசிப் பத்தியில் சொல்ல வேண்டும். இதில் பண்டிதர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்குச் சரியென்று படுவதை எழுதினேன்: அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று நம்பித்தான் நாட்களை அடித்தோம், அடித்து முடித்ததும் அவரால் காப்பாற்ற முடியாது என்கிறோம். எதன் மேல் நின்றோமோ அதையே பிடுங்கிவிட்டோம். அப்புறம் எந்த நாளை அடித்ததும் செல்லாது.

வாசகர்களுக்கு ஓட்டையைச் சொல்லிவிட்டேன். எனக்கு அந்த நிரூபணம் மட்டும் போதும். ஆறு நாளையும் அடித்த தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 9, திங்கள்

இன்று காலை விட்டிருப்பார்கள்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். மதியம் யாரோ கேட்டைத் தட்டினார்கள். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். கோலமாவு விற்கிறவள். அறுபத்தோரு வயசில் கழிவறையில் ஒளிந்தவள் என்று என் மாணவிகளுக்குத் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

ஜூலை 10, செவ்வாய்

எழுதியதைப் பாண்டியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும் என்பது நான் வைத்திருக்கிற சோதனை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்த ஆளு வரவே மாட்டாரா?"

"வர முடியாது. தர்க்கப்படி."

"அத அவர்ட்ட யாரு போயிச் சொன்னது?"

சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் ஒரு புடவையை உதறி மடித்துவிட்டு, "யாரு டீச்சரம்மா வாராக? நீங்க ஒரு வாரமாச் சரியில்லையே," என்றாள்.

யாரும் வரவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. போகும்போது, நாளையிலிருந்து தன் மகளைத் துணைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவன் வந்து ஏதாவது பேசினால் அதை இன்னொருத்தி கேட்க வேண்டாம்.

ஜூலை 11, புதன்

மூன்று நாள் போய்விட்டது. நான் உதாரணத்துக்குப் போட்ட புதன்கிழமையும் போய்விட்டது. பத்தியை அனுப்பினேன். தாமோதரனுக்கு ரொம்பத் திருப்தி. நன்றாகச் சாப்பிட்டேன். கடிதம் வெறும் மிரட்டல். ஜெயிலிலிருந்து வந்தவனுக்கு ஆயிரம் சோலி இருக்கும், என்னைப் பார்க்கவா வரப்போகிறான். தாளை எடுத்து இன்னொரு தரம் சரிபார்த்தேன். ஒரு படிகூடத் தப்பில்லை.

ஜூலை 12, வியாழன்

பதினோரு மணிக்கு மணி அடித்தது. சிலிண்டர் என்று நினைத்து, பாஸ்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.

செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றி விட்டுவிட்டு நின்றார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. தலை பாதி நரைத்திருந்தது.

"மேடம், நான் சவரி. உள்ள வரலாங்களா?"

நாற்காலியைக் காட்டினேன். அவர் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். சொம்பைத் தூக்கிக் குடித்தார். நான் அடுப்படி வாசலிலேயே நின்றேன். பின்கதவு திறந்திருக்கிறதா என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையின் இரண்டாவது பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக் குறிக்காம எழுதுனதுக்கு மன்னிச்சிருங்க மேடம். சொன்னா நீங்க பயந்து ஊருக்குப் போயிருவீங்கன்னு உள்ள கூட இருந்தவரு சொன்னாரு. எனக்கு உங்களைப் பாத்தே ஆகணும்."

"எதுக்கு?"

"ஒரு விசயம் உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். எனக்குத் தெரியாது. அதைக் கேட்டுட்டுப் போயிருவேன்."

துண்டை மடியில் வைத்து மடித்து மடித்துப் பிரித்தார்.

"அன்னைக்கு மச்சான் வீட்டு விசேசம். மத்தியானமே குடிச்சிட்டேன். ஷெட்டுக்கு வந்து படுத்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் போலீசு வந்து எழுப்புனதுதான். நடுவுல ஒண்ணுமே இல்ல மேடம், இருட்டு. அதனாலதான் நான் ஓட்டலைன்னு கோர்ட்டுல அடிச்சுச் சொன்னேன். உள்ள போயும் ரெண்டு வருசம் அதையேதான் சொன்னேன். அப்புறம் நிதானமா உக்காந்து யோசிச்சேன். மேடம் பொய் சொல்ற ஆளு இல்ல. என் மேல அவங்களுக்கு ஒரு பகையும் கெடையாது. என் முகத்தைப் பாத்தேன்னு அவங்க சொல்றாங்க. எனக்கு ஞாபகமே இல்ல. அப்ப நான்தான் ஓட்டியிருக்கேன். வேற எப்படிங்க இருக்க முடியும்?"

ஒவ்வொரு படியும் சரி. என் மாணவிகளில் பாதிப்பேர் இவ்வளவு சுத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

"நான் அந்தப் பிள்ளையப் பாத்தனா மேடம்? பிரேக் போட்டனா? இதைத்தான் கேக்கணும். பாத்துட்டும் நிக்காமப் போனேனா, இல்ல பாக்கவே இல்லியா. நெனச்சு நெனச்சுத் தூக்கமே இல்ல."

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. தப்பித்தோம் என்று தோன்றியது. இவர் என்னை அடிக்க வரவில்லை. ஒரு வாரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்ததெல்லாம் வீண். தலையை ஆட்டினால் எழுந்து போய்விடுவார்.

"போட்டீங்க," என்றேன். "ரோடு ஈரம். வழுக்கிருச்சு."

துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்து, "சாமி உங்களை நல்லா வச்சிருக்கணும்," என்றார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பத்து மணி வத்தலக்குண்டு பஸ்சுல போறேன். அந்தப் பிள்ளையோட அம்மா கால்ல விழணும். கல்லறையில மெழுகுவத்தி வைக்கணும். எம் பொண்டாட்டி இன்னமும் எம் புருசன் ஓட்டலைன்னு ஊரெல்லாம் சண்டை போட்டுக்கிட்டுத் திரியிறா. அவகிட்டயும் சொல்லணும். நாந்தான் இடிச்சேன், ஆனா பிரேக் போட்டேன்னு."

கும்பிட்டுவிட்டுப் போனார். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினார். சிலிண்டர் மூன்று மணிக்கு வந்தது.

ஜூலை 13, வெள்ளி

பயம் போகவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது. நேற்று வரை வாசலில் இருந்தது, இன்றைக்கு வீட்டுக்குள் இருக்கிறது.

எழுதிவிடுகிறேன். நான் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று வேன் போனதைப் பார்த்தேன். பின்பக்கம், மழையில். போலீசிடம் முதல் நாள் அவ்வளவுதான் சொன்னேன், அது உண்மை. அப்புறம் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வேனுக்குச் சாவி மூன்று, டிரைவர் மூன்று பேர். ஒருவர் மனைவிக்குப் பிரசவமென்று லீவில் இருந்தார். ஒருவர் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மிச்சம் சவரிமுத்து, ஷெட்டில் குடித்துவிட்டுக் கிடந்தார், பக்கத்தில் வேன் எஞ்சின் சூடு ஆறாமல் நின்றது. வேறு யாராகவும் இருக்க முடியாது. விண்ணரசியின் ரத்தம் என் புடவையில் இருந்தது. எனக்குக் குற்றவாளி என்று யாராவது ஒருவர் வேண்டியிருந்தது.

அரசு வக்கீல் கேட்டார், கண்ணாடி வழியாக நீலச் சட்டை தெரிந்ததா? ஏதோ நீலம் தெரிந்தது போல இருந்தது, ஆம் என்றேன். அடுத்த தடவை, தோள் தெரிந்ததா? சட்டை இருந்தால் தோளும் இருக்கும். அடுத்த தடவை மீசை. கோர்ட்டில் ஏறிய அன்று, அவர் திரும்பி என்னைப் பார்த்தார் என்றே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நெல்தான் போட்டேன். எந்த நெல்லில் பொய் ஆனது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. ஆனால் குவியல் கிடந்தது, அதற்கு அடியில் ஐந்து வருஷம் ஒரு மனுஷர் கிடந்தார்.

கண்டுபிடித்ததைப் பார்த்ததாகச் சொன்னேன். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். தர்க்கம் நடத்துகிறவளுக்குத்தான் இந்தத் தப்பு வரும். என் இடத்தில் அந்த ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிற பெண் நின்றிருந்தால், மழையில் தெரியவில்லை சார் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள்.

இன்னொன்று இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் என் பிரிவு உபசார விழாவில், ஆபீஸ் கிளார்க் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார். "வேன் சாவி நாலுங்க மேடம். காலேஜ் செயலர் வீட்டுல எப்பவும் ஒண்ணு கெடக்கும். அவரு பையன் சாயங்காலத்துல எடுத்து ஓட்டிப் பழகுவான்." நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து வெட்டினேன். எல்லாருக்கும் ஒரே அளவாக வரவேண்டும் என்று ரொம்பக் கவனமாக வெட்டினேன்.

அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் அவர் பாதித் தண்டனையோடு வெளியே வந்திருப்பார். பொய்ச்சாட்சிக்கு ஏழு வருஷம் வரை உண்டு என்று படித்துத் தெரிந்துகொண்டேன், படித்ததும் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பயத்துக்கு மறதி என்று பெயர் வைத்திருந்தேன்.

நேற்று இரண்டாவது தடவையும் பொய்ச்சாட்சி சொன்னேன். இந்தத் தடவை கூண்டுகூட இல்லை.

ஜூலை 14, சனி

இன்று யாரும் வரவில்லை. அந்த அளவுக்கு நிரூபணம் சரி.

ஜூலை 15, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு வண்டி நிற்கிற இடத்தில், சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டரைக்கே வந்துவிட்டேன். வீட்டுச் சாவியைப் பாண்டியம்மாவிடம் கொடுத்து, நான் சாயங்காலம் வராவிட்டால் தங்கைக்குப் போன் போட்டுச் சொல் என்றேன். எங்கே போகிறீர்கள் என்றாள். முதலில் பஸ் ஸ்டாண்டு, அப்புறம் வக்கீல், அப்புறம் எங்கே என்று தெரியாது என்றேன். அவள் தன் தலையில் இருந்த பூவைக் கிள்ளி எனக்கு வைத்துவிட்டாள்.

பெட்டிக்கடையில் இணைப்பிதழ் தொங்குகிறது. என் பத்தி வந்திருக்கிறது. இரண்டு பேர் வாங்கினார்கள்.

மூன்று தடவை எழுந்து ஆட்டோ பக்கம் போய்த் திரும்பி வந்தேன். அவர் எந்த நாள் வருவார் என்று தெரிந்தால் ஓடிவிடுவேன் என்று எழுதினாரே, என்னை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார். இன்றைக்கு நாளும் தெரியும், நேரமும் தெரியும். உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்பதே முக்கால். ஒன்பது ஐம்பது.

வருகிறார். அதே புதுச் சட்டை, கையில் மெழுகுவர்த்திக் கட்டு. பின்னாலேயே அவர் மனைவி. அந்த அம்மாள் ஏதோ கோபமாகப் பேசிக்கொண்டு வருகிறாள், அவர் தலையை ஆட்டிக்கொண்டே வருகிறார். என்னைப் பார்த்துவிட்டார். வழியனுப்ப வந்தேன் என்று நினைக்கிறார் போல, சிரிக்கிறார்.

வெயில் நேராக அவர் முகத்தில் அடிக்கிறது. வலது புருவத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு பழைய தழும்பு இருக்கிறது. பதினோரு வருஷம் அவர் ஓட்டிய வேனில் போய் வந்திருக்கிறேன். கோர்ட்டில் அவ்வளவு அடையாளம் சொன்னேன், இதைச் சொல்லவே இல்லை. இப்போதுதான் பார்க்கிறேன்.

எழுந்து அவரிடம் போகிறேன்.